‘ஆள் வரலை’ என்பவர்களுக்கு ஒரு பதில்

சின்ன வெங்காயம் நடுகிற பருவம் வந்துவிட்டால் செட்டிகுளம், ஆலத்தூர் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். “ஆள் வரலை. அரிசி சும்மா கிடைக்குது, நூறு நாள் வேலை இருக்குது, மாசம் ஆனா ஆயிரம் ரூபா வருது. ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க.” பருத்தி எடுக்கும் காலத்திலும் மக்காச்சோளம் அறுக்கும் காலத்திலும் இதே பேச்சு. ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் போனால் வெங்காயத்துக்குப் பதில் முந்திரி. பேச்சு மட்டும் மாறுவதில்லை.

பேசுகிறவர்கள் பெரும்பாலும் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஆனாலும் அந்த ‘ஜனங்க’ யார் என்று நமக்குத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அரியலூரில் 23 விழுக்காடு. மாநிலச் சராசரியோ 20. இந்த இரண்டு மாவட்டங்களின் வயல் வேலையும் வரப்பு வேலையும் தலைமுறை தலைமுறையாக யார் கையால் நடந்தன என்பதை இந்த எண்களே சொல்லும். அந்தக் கைகளைத்தான் இன்று சோம்பேறிக் கைகள் என்கிறார்கள்.

டீக்கடையில் நாம் பதில் சொல்வதில்லை. சொன்னால் சண்டை என்பார்கள். ஆகவே இங்கே சொல்லிவிடுகிறோம்.

யார் யாரை நம்பி இருந்தார்கள்?

நம் பாட்டிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆடி மாதம் வந்தால் அடுப்பில் பூனை தூங்கும். பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றால்தான் ஒரு மரக்கால் தானியம் கிடைக்கும். கல்யாணத்துக்குக் கடன், பிள்ளைப்பேற்றுக்குக் கடன், கோடித்துணிக்கும் கடன். கடனைத் தீர்க்கப் பத்து வயதுப் பையன் மாடு மேய்க்கப் போவான். அவன் வளர்ந்ததும் பண்ணையாள். அவன் மகனும் அப்படியே. அந்த வாசலில் ‘முடியாது’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அடுத்த ஆடிக்குக் கஞ்சி கிடையாது.

சார்ந்து வாழ்வது என்றால் அதுதான். அன்றைக்கு யாரும் அதைச் சார்பு என்று சொல்லவில்லை. விசுவாசம் என்றார்கள். இன்று அரசிடமிருந்து அரிசி வாங்கினால் மட்டும் அது ‘பிறர் கையை எதிர்பார்ப்பது’ ஆகிவிடுகிறது.

அந்த வாசலிலிருந்து நம்மை நகர்த்தியது ஒரே நாளில் நடந்த அதிசயம் அல்ல. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு, மாடு மேய்க்கப் போன பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைத்தது. நூறு நாள் வேலை நம் மாவட்டங்களுக்கு வந்தது 2008 ஏப்ரலில். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் பெண்களின் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

இவை ஒவ்வொன்றும் சிறியவைதான். ஆனால் பானையில் அரிசி இருக்கிற வீட்டுப் பெண்ணால், “அந்தக் கூலிக்கு வர முடியாதுங்க” என்று சொல்ல முடிந்தது. நம் தெருக்களுக்கு முதன்முதலில் கிடைத்த சொத்து அந்தச் சொல்தான். “ஆள் வரலை” என்று அவர்கள் சொல்வதற்கு உண்மையான பொருள், “பழைய கூலிக்கு, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரலை” என்பதே.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இது நம் வீட்டுக் கதை மட்டும் அல்ல. ஆராய்ந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. அந்தப் பழைய திருச்சி மாவட்டத்தின் ஆறு கிராமங்களில் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கோரன் ஜூர்ஃபெல்ட், ஸ்டாஃபான் லிண்ட்பெர்க் ஆகியோரும் 1979–80இல் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சுமார் 25 ஆண்டுகள் கழித்து, வேறு சில ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு, அதே கிராமங்களுக்குத் திரும்ப வந்தார்கள். வறுமை குறைந்திருந்தது. விவசாயத்தை மட்டும் நம்பிய பிழைப்பும் குறைந்திருந்தது. அவர்கள் கண்ட காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, விவசாயத்துக்கு வெளியே உருவான வேலைகள். மற்றொன்று ரேஷன், சத்துணவு போன்ற அரசின் நலத்திட்டங்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. இதை மனதில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

ரேஷன் அரிசியின் மதிப்பை ஜான் ட்ரீஸும் ரீத்திகா கேராவும் 2009–10 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து அளந்தார்கள். ஏழைகள் வறுமைக்கோட்டிலிருந்து எவ்வளவு கீழே கிடக்கிறார்கள் என்று ஓர் அளவு உண்டு. ஊரகப் பகுதிகளில் அந்தப் பள்ளத்தை இந்திய அளவில் ரேஷன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தூர்த்திருந்தது. தமிழ்நாட்டில் அது பாதிக்கும் மேல். எல்லோருக்கும் கடை, எல்லோருக்கும் அட்டை என்ற நம் முறையின் பலன் அது.

கட்டணமில்லாப் பேருந்தைப் பற்றி மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்தபோது, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. குன்னத்திலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ பெரம்பலூருக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘சோம்பேறி’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அபிஜித் பானர்ஜியும் அவரது சக ஆய்வாளர்களும் மெக்சிகோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு பணஉதவித் திட்டங்களின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உதவி வாங்கியதால் மக்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு பக்கத்து மாநிலத்தில் நடந்தது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 157 மண்டலங்களில், நூறு நாள் வேலைக் கூலியை இடையில் யாரும் தின்னாமல், தாமதமில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் ஆராய்ந்தார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு ரூபாய் என்ற அளவில் உயர்ந்தது. அந்த உயர்வில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நூறு நாள் வேலையிலிருந்து வந்ததே அல்ல. வெளியில் செய்த வேலையில், வெளிக்கூலி உயர்ந்ததால் வந்தது. கூலி உயர்ந்ததால் தனியார் வேலை குறைந்துபோகவும் இல்லை.

டீக்கடை வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? நூறு நாள் வேலை மக்களை வீட்டில் படுக்க வைக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் கூலி பேசுவதற்கு முதுகெலும்பைக் கொடுத்தது.

அறுபது நாள் நிறுத்தம் யாருக்காக?

இதனால்தான் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டத்தை நாம் வரிக்கு வரி படிக்க வேண்டியிருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு அது வந்திருக்கிறது. நூறு நாள் என்பது 125 நாள் ஆகிறது என்று தலைப்புச் செய்தி வந்தது. நல்லதுதான். ஆனால் உள்ளே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பணம். பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்றது. புதிய சட்டத்தில் நம்மைப் போன்ற மாநிலங்கள் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும். ஏற்கெனவே 2025 தொடக்கத்தில் மாதக்கணக்கில் கூலி வராமல் நம் பெண்கள் வங்கிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் நடந்தார்கள். ஒன்றிய அரசு 4,034 கோடி ரூபாய் தர வேண்டும் என்று மாநிலத்தில் போராட்டம் நடந்தது. இனி இரண்டு அரசுகளும் ஒன்றை ஒன்று கைகாட்டினால் நாம் எந்த வாசலில் போய் நிற்பது?

இரண்டாவது, இன்னும் கவலைக்குரியது. விதைப்பு, அறுவடை என்று விவசாய வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில், ஆண்டுக்கு மொத்தம் அறுபது நாள் வரை இந்த வேலையை நிறுத்திவைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லும் காரணம். டீக்கடையில் பேசிய பேச்சு சட்டப் பிரிவாக மாறி வந்திருக்கிறது!

கூலி உயர்த்திக் கேட்க நமக்கு வலு இருப்பது வேலை மும்முரமான அந்த நாட்களில்தான். அந்த நாட்களில்தான் மாற்று வேலையின் கதவு சாத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பெண்கள். வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் குனிந்து நிற்பதும் அதே பெண்கள். நிறுத்த நாட்களை அறிவிப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. எந்த நாட்கள் என்று முடிவு செய்யும்போது நிலம் வைத்திருப்பவர்களின் குரல் மட்டும் அங்கே கேட்கக் கூடாது. கிராம சபையில் கூலிக்காரப் பெண்கள் எழுந்து பேச வேண்டும். சிறு விவசாயிக்கும் கஷ்டம் இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. வெங்காயத்துக்கு விலை இல்லாமல் அவர் தெருவில் கொட்டிய ஆண்டுகளை நாமும் பார்த்திருக்கிறோம். அதற்குத் தீர்வு கட்டுப்படியாகும் விலை. நம் கூலியைக் குறைப்பது தீர்வாகாது.

நிற்பது வேறு, நடப்பது வேறு

இதுவரை சொன்னது அவர்களுக்கு. இனி நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது.

நலத்திட்டம் நம்மை விழாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் பிடித்து நிறுத்துவதும் நடக்க வைப்பதும் ஒன்றல்ல. ரேஷன் அரிசி பட்டினியைத் தடுத்தது. மகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றாலோ, மாமனாருக்கு அறுவைச் சிகிச்சை என்றாலோ, இன்றும் நம் வீடுகள் வாரக் கடனுக்குத்தான் கையெழுத்துப் போடுகின்றன. பண்ணை வாசலில் நின்ற நாம் இப்போது வீட்டு வாசலில் வசூலுக்கு வந்து உட்காருகிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஆண்டான் மாறியிருக்கிறான். கடன் மாறவில்லை.

மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் மிகவும் ஏழையான பெண்களுக்கு ஒரு திட்டம் நடந்தது. வங்கதேசத்தில் 2002இல் தொடங்கிய ஒரு முறையைப் பின்பற்றியது அது. ஆடு, மாடு போல ஒரு சொத்து, சில மாதங்களுக்குச் செலவுக்குப் பணம், பயிற்சி, வாரா வாரம் வந்து விசாரித்து உதவும் ஒருவர். எல்லாம் சேர்த்துச் சுமார் ஒன்றரை ஆண்டு. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் மேம்பட்டே இருந்தன. அவர்கள் ஆட்டோடு நிற்கவில்லை. கையில் கொஞ்சம் வலு வந்ததும் நல்ல கூலி கிடைக்கும் வேலைகளுக்கு அவர்களால் நகர முடிந்தது.

அதே மாதிரித் திட்டம் ஆந்திரத்தின் மேடக் பகுதியில் நடந்தது. அங்கே குறிப்பிடும்படி முன்னேற்றம் தெரியவில்லை. காரணம், அங்கே விவசாயக் கூலியே உயர்ந்துகொண்டிருந்தது. மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கூலி போயிற்று. மாடு தந்த வருமானம் இழந்த கூலிக்குச் சரியாகப் போய்விட்டது.

நாமும் இதை அனுபவித்தவர்கள்தான். 2011இல் விலையில்லா ஆடுகள் வந்தன, குடும்பத்துக்கு நான்கு. வேப்பூர் ஒன்றியத்தில் ஒரு காலனித் தெருவுக்கு நாங்கள் போனபோது ஒரு பாட்டி சொன்னார்: “ஆடு குடுத்தாங்க தம்பி. மேய்க்க எடம் குடுக்கலியே.” மேய்ச்சல் புறம்போக்கு ஒரு பக்கம் ஆக்கிரமிப்பு, மறுபக்கம் கல்குவாரி. ஊரார் காட்டில் வாய் வைத்தால் ஆட்டைப் பிடித்துக் கட்டிவைத்து அபராதம். கடைசியில் நான்கையும் விற்றுக் கடனை அடைத்தார். அந்தப் பாட்டி சொன்ன ஒரு வரிக்குள் முழு ஆய்வறிக்கையே இருக்கிறது. ஆட்டோடு மேய்ச்சல் நிலமும் வேண்டும். அரிசியோடு வேலையும் வேண்டும். உதவித்தொகையோடு கல்லூரிக் கதவும் திறக்க வேண்டும்.

செந்துறை வட்டம் குழுமூர் அனிதாவை நாம் மறக்க முடியுமா? மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 1,200க்கு 1,176 மதிப்பெண் எடுத்தார். வாசல் வரை அவர் தன் உழைப்பால் போனார். வாசல் நீட் என்று மூடிக்கொண்டது. 2017 செப்டம்பர் 1 நமக்கு அதைத்தான் சொன்னது.

சொத்து யார் பேரில்?

நம்மை நடக்க வைப்பவை இரண்டு. ஒன்று நிலம், இன்னொன்று நிலையான வேலை.

1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கியது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை அதற்குக் காரணமாக இருந்தது. இன்று அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் தாலுகா ஆபீசில் கோப்பைக் காணோம் என்கிறார்கள். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது நூற்றில் ஒன்பது பங்குக்கும் குறைவு.

தாட்கோ வழியாக ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ என்று ஒன்று நடக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிட விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம். ஆனால் நம் தெருக்களில் பத்துப் பெண்களைக் கேட்டால் ஒருவருக்குக்கூட அதன் பெயர் தெரியவில்லை. தெரிந்தவர்களும் கேட்கிறார்கள்: “ஊர்க்காரங்க நமக்கு நெலம் விப்பாங்களா?” சரியான கேள்வி. மானியம் மட்டும் போதாது. விற்பனைக்கு வரும் நிலத்தைத் தேடிக் கொடுப்பதும் அரசின் வேலையாக வேண்டும்.

அடுத்தது வேலை. அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக வந்தன. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு என்றார்கள், வேலை என்றார்கள். நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவர் வரிசையில் நின்றார். அதே நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவருக்குப் பட்டா இல்லை, ஆகவே வரிசையில் இடமும் இல்லை. அவருக்குக் கிடைத்தது ஒப்பந்தக்காரரின் கீழ் மூட்டை ஏற்றும் வேலையும் தூசியும்தான். நிலத்தை நம்பி உழைத்த கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒப்புக்கொண்டது. அதற்குள் இங்கே பல ஆலைகள் புகை விடத் தொடங்கிப் பல காலம் ஆகிவிட்டது.

இப்போது பெரம்பலூர் எறையூரில் சிப்காட் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். காலணித் தொழிற்சாலைக்குப் பெண்கள் வேனில் போகிறார்கள். மகிழ்ச்சிதான். முன்பு செய்த தவறு மறுபடி நடக்காமலிருக்க இப்போதே கேட்க வேண்டும்: நம் தெருக்களிலிருந்து எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்? பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? தையல் மேசையிலிருந்து மேற்பார்வையாளர் நாற்காலிக்குப் போக வழி உண்டா?

பணம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. 1979 முதல் சிறப்புக்கூறுத் திட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2024இல் தமிழ்நாடு அதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான திட்டங்களுக்கு அந்த நிதியிலிருந்து கணக்கு எழுதும் பழக்கம் போகவில்லை. உரிமைத்தொகைக்கு அதிலிருந்து ஒரு பகுதி எடுக்கப்படுவதாகச் செய்தி வந்து, 2023இல் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. எல்லோருக்கும் உரிய பந்தியில் நமக்கும் ஓர் இலை உண்டு. அதற்கு நம் வீட்டு அரிசியை எடுக்கக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

நாங்களும் தவறு செய்திருக்கிறோம். மனு எழுதிக் கொடுத்து ஆயிரம் ரூபாயும் அட்டையும் வாங்கித் தந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். நிலம் எங்கே, நிரந்தர வேலை எங்கே என்று விடாமல் கேட்கவில்லை.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் வாங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளே, ஒரு நோட்டு எடுங்கள். விடுமுறையில் உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். ஐந்தே கேள்வி. வீட்டு மனைப் பட்டா இருக்கிறதா, யார் பேரில்? விளைநிலம் எவ்வளவு? போன ஆண்டு எத்தனை நாள் வேலை கிடைத்தது, கூலி எத்தனை நாளில் வந்தது? வாரக் கடன் எவ்வளவு, எதற்காக? தாட்கோ திட்டத்துக்கு மனுச் செய்தார்களா, என்ன பதில் வந்தது?

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அந்த நோட்டோடு போய் எழுந்து நின்று வாசியுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனுவாகக் கொடுங்கள். ஸ்வீடனிலிருந்து வந்து நம் கிராமத்தை எண்ணியவர்கள் எண்ணட்டும். நம் தெருவை நாமும் எண்ணுவோம்.

“ஆள் வரலை” என்று அடுத்த வெங்காயப் பருவத்திலும் சொல்வார்கள். அப்போது நாம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆள் இருக்கிறோம். நியாயமான கூலி பேசுங்கள், வருகிறோம். எங்களுக்கென்று ஒரு காணி நிலம் வந்த பிறகு கூப்பிட்டால், எங்கள் காட்டு நடவை முடித்துவிட்டு வருகிறோம்.